நீர் நுழையும் வழி: பழைய பாய்மரக் கப்பலைச் செப்பனிடும் கலை

கடல் காணாத ஊர் திருவாலங்காடு. வங்கக் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ளது. ஆயினும் இவ்வூருக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு சிறிதன்று. கடல் வாணிகம் செய்த வணிகர் குடியில் பிறந்து, கணவன் மரக்கலம் ஏறிப் பிரிந்துபோனபின் பேயுரு வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார், நிறைவாக வந்து சேர்ந்த தலம் இதுவே. முதலாம் இராசேந்திர சோழனின் புகழ் பேசும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905-ஆம் ஆண்டில் கிடைத்ததும் இங்கேதான். 31 ஏடுகள் கொண்ட அச்சாசனம், பழையனூர் என்னும் ஊரை ஆலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்ததைத் தெரிவிக்கிறது. அதன் வடமொழிப் பகுதி, கடல் கடந்து சென்ற சோழர் படை கடாரத்தை வென்ற செய்தியையும் கூறுகிறது. அப்படையெடுப்பு நிகழ்ந்தது 1025-ஆம் ஆண்டு வாக்கில் என்பர்.

இச்செய்தியைப் படிக்கும் வரலாற்று மாணவன் மன்னனை நினைக்கிறான், படைத்தலைவனை நினைக்கிறான். ஆனால் அப்படையைத் தாங்கிச் சென்ற மரக்கலத்தை யார் நினைக்கிறார்கள்? அலையும் காற்றும் மோதும் வழியில், பலகைக்கும் பலகைக்கும் இடையே நீர் புகாமல் காத்தவர் யார்? அவர் பெயர் எந்தச் செப்பேட்டிலும் இல்லை. செம்பு நிலைத்தது, மரம் மறைந்தது. சோழர் கப்பல் ஒன்றுகூட முழு உருவில் நமக்குக் கிடைக்கவில்லை.

கப்பலைக் கட்டுவது ஒருமுறை. காப்பதோ ஒவ்வோர் ஆண்டும். எனவே மரக்கலத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் அதனைச் செப்பனிட்ட வரலாறே ஆகும். அந்தச் செப்பனிடும் கலையின் உயிர்நாடி, ஓட்டையை அடைப்பதில் இல்லை. கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரக்கலம் ஏன் ஒழுகுகிறது?

மரக்கலத்தின் முதுகெலும்பு போன்றது ஏராக்கட்டை எனப்படும் அடிமரம். அதிலிருந்து இருபுறமும் விலாச்சட்டங்கள் எழுகின்றன. அச்சட்டங்களின்மேல் நீண்ட பலகைகளை ஒன்றன் விளிம்போடு ஒன்று நெருங்குமாறு வைத்து ஆணி அடிக்கிறார்கள். இரு பலகைகள் சேரும் இடத்தைப் பொருத்துவாய் எனலாம். எவ்வளவு தேர்ந்த தச்சர் இழைத்தாலும் பொருத்துவாய் முழுவதும் நீர் புகாததாக அமைவதில்லை. அவ்விடுக்கில் பஞ்சோ நாரோ திணித்து, மேலே பிசின் கலவை பூசி அடைக்கும் வேலைக்குக் கலப்பற்று என்று பெயர். பேச்சு வழக்கில் கலப்பத்து என்பர்.

மரம் நீரை உறிஞ்சினால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக அன்று. நீளவாக்கில் மாற்றம் மிகச் சிறிது. அகலவாக்கில் அதைவிடப் பன்மடங்கு மிகுதி. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள பலகை நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கினாலும் 2 மில்லிமீட்டர் குறைகிறது. அத்தகைய பத்துப் பலகைகள் அடுக்கிய பக்கத்தில் மொத்தம் 2 சென்டிமீட்டர் இடைவெளி உண்டாகிவிடும். ஆகவேதான், பல மாதம் கரையில் கிடந்த படகைக் கடலில் இறக்கினால் முதல் நாள் சல்லடைபோல ஒழுகுகிறது. இரண்டு மூன்று நாட்களில் பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்குகின்றன, ஒழுக்கும் குறைகிறது. இதனை அறியாதவன் முதல் நாளே பதறி இடுக்கெல்லாம் பஞ்சைத் திணித்தால், பின்னர்ப் பருக்கும் மரத்துக்கு இடமில்லாமல் போகும். அப்போது பலகை பிதுங்கும்; ஆணி இழுபடும்; விலாச்சட்டமே முறியவும் கூடும். ஆகவே முதல் பாடம் பொறுமை.

இது வறட்சியால் வரும் ஒழுக்கு. உண்மையான நோய்கள் வேறு. ஆணி துருப்பிடித்துப் பிடிப்பு இழத்தல், பழைய கலப்பற்று மக்கிப் போதல், பலகை உளுத்தல், கப்பல் புழு துளைத்தல், முதுமையால் கலத்தின் இரு முனைகளும் தொய்ந்து வடிவு குலைதல் ஆகியன அவை. பாய்மரக் கப்பலில் மற்றொன்றும் சேர்கிறது. காற்றின் விசை முழுவதும் பாய்மரத்தின் வழியாக உடலுக்கு இறங்குவதால், பாய்மரத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள பொருத்துகள் ஓயாமல் அசைந்து தளர்கின்றன.

சிறிய துளை, பெரிய வெள்ளம்

சிறு கசிவுதானே என்று எண்ணுவோர்க்கு இயற்பியல் தரும் விடை அச்சமூட்டுவது. நீர்மட்டத்திற்கு 1 மீட்டர் கீழே உள்ள துளையில் நீர் நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் பாயும். இது டாரிசெல்லி விதியின்படி பெறுவது. துளையின் பரப்பு 1 சதுர சென்டிமீட்டர் என்றும், விளிம்பில் நீரோட்டம் குறுகுவதால் அதில் ஐந்தில் மூன்று பங்கே பயன்படுகிறது என்றும் கொள்வோம். அப்படியிருந்தும் மணிக்கு 950 லிட்டருக்கு மேல் நீர் உள்ளே வரும். அதாவது ஒரு டன்னுக்குச் சற்றே குறைவு. 1 மில்லிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு விரிசல் இதே பரப்பு உடையதுதான். துளை 4 மீட்டர் ஆழத்தில் இருந்தால் நீரின் வேகம் இரு மடங்காகும்.

இதில் ஒரு மயக்கமும் உண்டு. கலத்தின் உள்ளே நீர் உயர்ந்து துளையை மூடிவிட்டால், உள்மட்டத்துக்கும் வெளிமட்டத்துக்கும் உள்ள வேறுபாடு குறைகிறது. நீர் புகும் வேகமும் குறைகிறது. 'ஓட்டை தானாகவே அடைபட்டுவிட்டது' என்று அனுபவமில்லாதவன் மகிழ்கிறான். உண்மையில் கலம் மூழ்கத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

ஓட்டையைக் காணும் முறைகள்

நீர் தெரியும் இடம் வேறு; அது நுழையும் இடம் வேறு. இதுவே இக்கலையின் சூத்திரம். முன்புறத்தில் நுழைந்த நீர், பலகையின் உட்புறம் வழியாக ஊர்ந்து, சட்டத்தில் முட்டித் திரும்பி, நடுப்பகுதியில் சொட்டலாம். ஓட்டு வீட்டில் கூடத்தில் ஒழுகினால், உடைந்த ஓடு கூடத்துக்கு நேர்மேலேதான் இருக்கும் என்று எவரும் சொல்ல முடியாதல்லவா? கப்பலும் அவ்வாறே. ஆகவே தேடுதல் முறையாக நடைபெறவேண்டும்.

முதலில் அடித்தட்டில் தேங்கிய நீரை நாவில் வைத்துப் பார்க்கவேண்டும். உப்புக் கரித்தால் கடல்நீர். கரிக்காவிட்டால் மேல்தளத்தின் வழியாக இறங்கிய மழைநீர். மழைநீர்தானே என்று விட்டுவிடலாகாது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளுக்கு உப்பு நீர் ஆகாது, நன்னீரோ விருந்து. பழைய கலங்கள் பல, கடல்நீரால் அழிவதைவிட மேல்தளத்து மழைக் கசிவால் உள்ளிருந்து உளுத்தே அழிகின்றன.

இரண்டாவதாக, நேரமும் நிலையும் குறிக்கவேண்டும். நீரை முற்றிலும் இறைத்துவிட்டு, அளவு கீறிய கோலை மணிக்கு ஒருமுறை விட்டுப் பார்த்து எழுதிவரவேண்டும். நங்கூரமிட்டு நிற்கும்போதும் ஒரே சீராக நீர் ஏறினால், ஓட்டை நீர்மட்டத்திற்குக் கீழே எப்போதும் அமிழ்ந்திருக்கும் பகுதியில் உள்ளது. பாய் விரித்து ஓடும்போது மட்டும் ஏறினால், உடல் அசையும்போது திறந்து மூடும் பொருத்தின் குற்றம் அது. வலப்புறம் சாயும்போது மட்டும் ஏறினால், அந்தப் பக்கத்தில் வழக்கமாக நீருக்கு மேலே நிற்கும் பலகைகளை ஆராயவேண்டும். மருத்துவர் நாடி பார்ப்பதற்குமுன் காய்ச்சல் எப்போது வருகிறது என்று கேட்பதைப் போன்றது இது.

மூன்றாவதாக, உட்புறத்தைத் துடைத்துக் காயவிட்டுச் சுண்ணக்கட்டிப் பொடியோ சாம்பலோ தூவவேண்டும். நீர் வந்த தடம் அப்பொடியில் கோடாகத் தெரியும். அக்கோட்டை அது தொடங்கும் இடம்வரை பின்தொடரவேண்டும். நீளமான கலமாயின், விலாச்சட்டங்களுக்கு இடையே களிமண்ணால் சிறு அணைகள் கட்டி அடித்தட்டைப் பாத்திகளாகப் பிரிக்கலாம். எந்தப் பாத்தி முதலில் நிறைகிறதோ அங்கேதான் தேடவேண்டும். நெல்வயலில் மடை உடைந்த இடம் காணும் உழவர்க்கு இது புதிதன்று.

நான்காவதாக, கலம் கரையில் இருக்கும்போது முறையைத் தலைகீழாக மாற்றலாம். உள்ளே சிறிதளவு நீர் ஊற்றி, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்க்கலாம். ஆனால் நீரின் எடையை மறத்தலாகாது. கடலில் மிதக்கும்போது வெளிநீர் பலகையை உள்நோக்கி அழுத்தித் தாங்குகிறது. கரையில் அத்தாங்கல் இல்லை. அளவுக்கு மீறி ஊற்றினால் பலகைகள் வெளியே பிதுங்கிவிடும்.

ஐந்தாவதாக, தட்டிப் பார்த்தல். மண்பானை வாங்குபவர் சுண்டிப் பார்ப்பதுபோல, சுத்தியலால் பலகை பலகையாகத் தட்டவேண்டும். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்தது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தால் உண்மை வெளிப்படும். கப்பல் புழுவைக் கண்டறியவும் இதுவே வழி. பெயரளவில் புழு எனினும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். குஞ்சாக இருக்கும்போது குண்டூசித் தலையளவு துளையிட்டு நுழைந்து, உள்ளே வளர்ந்து, விரல் அளவுச் சுரங்கம் தோண்டிவிடும். பலகையின் மேற்பரப்பு வழவழப்பாகவே தோன்றும். உள்ளே தேன்கூடாக இருக்கும். உப்புக் குறைந்த நீரிலும், நீரின்றி நெடுநாள் காய்ந்த மரத்திலும் அது வாழ இயலாது. கலங்களை ஆற்று முகத்தில் நிறுத்துவதும், ஆண்டுக்கொருமுறை கரையேற்றிக் காயவிடுவதும் இக்காரணம் பற்றியே.

கலப்பற்றும் பலகை மாற்றமும்

இடம் தெரிந்தபின் வேலை தொடங்குகிறது. இடுக்கிலுள்ள பழைய பஞ்சையும் பிசினையும் முற்றிலும் சுரண்டி எடுக்கவேண்டும். பழையதன்மேல் புதியதைத் திணிப்பது அழுகிய புண்ணின்மேல் கட்டுப் போடுவதற்கு ஒப்பு. பிறகு முறுக்கிய பஞ்சுத் திரியைத் தட்டை உளியால் இடுக்கில் மடித்து மடித்துச் செலுத்துவர். கைதேர்ந்தவர் உளியில் எழும் ஒலியைக் கொண்டே இறுக்கம் போதுமா என்று அறிவர். இறுதியாக, குங்கிலியப் பொடியை எண்ணெயில் காய்ச்சிய கலவையைப் பூசுவர். சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்து பூசும் வழக்கமும் தொன்மையானது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ, கீழைக்கடல் கப்பல்களில் சுண்ணாம்பும் நறுக்கிய சணல் நாரும் மர எண்ணெயும் சேர்த்து அரைத்துப் பூசினர் என்று எழுதியுள்ளார்.

பலகையையே மாற்றவேண்டி வந்தால் மற்றொரு விதி உண்டு. எல்லாப் பலகைகளையும் ஒரே நேரத்தில் கழற்றலாகாது. பலகைகளே சட்டங்களை வடிவில் நிறுத்தி வைத்திருக்கின்றன. ஆகவே முட்டுக் கொடுத்து, நூல் பிடித்து வடிவை அளந்து குறித்துக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்து மாற்றவேண்டும். நீளவாக்கில் வரும் ஒட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையாமல் விலகியிருக்கவேண்டும். செங்கற் சுவர் எழுப்பும் கொத்தனார் அறிந்த நெறியே இது.

ஆணியில் கவனம் மிக வேண்டும். இருவேறு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால், அவற்றுள் ஒன்று விரைந்து அரிக்கப்படுகிறது. பிரிட்டிஷ் கடற்படை இதனைப் பட்டறிந்தது. கப்பல் புழுவைத் தடுக்க 1761-இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்ந்தனர். புழு தடுக்கப்பட்டது. ஆனால் இரண்டாண்டுக்குப்பின் ஆராய்ந்தபோது, தகட்டை இறுக்கிய இரும்பாணிகள் பல அரித்துத் தின்னப்பட்டிருந்தன. ஆணிக்கும் தகட்டுக்கும் இடையே பொதிதாள் தற்செயலாகத் தங்கிய இடங்களில் மட்டும் இரும்பு நன்றாக இருந்தது. செம்பு இரும்பைத் தொடாததே அதற்குக் காரணம். பின்னர் 1824-இல் ஹம்ப்ரி டேவி, துத்தநாகம் போன்ற உலோகத்தை உடன் இணைத்தால் அது தன்னை இழந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். இன்றைய எஃகுக் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தப்படுவதும் அதே தத்துவத்தின்படியே. வேதியியல் வகுப்பில் மின்வேதி வரிசையை மனப்பாடம் செய்யும் நண்பர்கள் இதனை நினைவிற் கொள்க.

தவிர்க்க வேண்டிய ஒன்றையும் இங்கே கூறல் வேண்டும். ஒழுகும் அடித்தட்டில் சிமெண்டுக் கலவையைக் கொட்டி மூடிவிடுவது பலரும் கையாளும் குறுக்குவழி. ஓட்டை மறையும், ஒழுக்கு சில காலம் நிற்கும். ஆனால் சிமெண்டுக்கும் மரத்துக்கும் இடையே ஈரம் தங்கி, காற்றுப் படாமல் மரம் உளுத்துப்போகும். உளுத்ததைக் காணவும் வழியிராது. நோயை மறைப்பது மருத்துவம் ஆகாது.

பம்பாயில் பிறந்த திருகோணமலை

இம்முறைகளால் ஒரு கலத்தை எத்தனை காலம் வாழவைக்க இயலும்? இதற்கு விடையாகக் கண்முன் நிற்பது 'திரிங்கமலி' என்னும் கப்பல். நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் அது. நெப்போலியப் போர்களால் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிப்போன காலத்தில், பம்பாய்க் கப்பல் தளத்தில் வாடியா குடும்பத்தின் தலைமைத் தச்சர் ஜாம்செட்ஜி பொமான்ஜி மலபார்த் தேக்கால் அதனைக் கட்டினார். 1817 அக்டோபர் 12 அன்று அது நீரில் இறக்கப்பட்டது. பின்னர்ப் பயிற்சிக் கப்பலாயிற்று. 1897-இல் விற்கப்பட்டு, வேறு பெயருடன் 1986 வரை இளைஞர்க்குக் கடற்பயிற்சி அளித்தது. 1987-இல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1990 முதல் 2001 வரை செப்பனிடப்பட்டது. பத்தாண்டுக்கு மேற்பட்ட உழைப்புக்குப்பின் இன்று அது மிதக்கும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. உடலில் பாதிக்கு மேற்பட்ட மரம் பழைய தேக்கே.

தேக்கின் எண்ணெய்ப்பசை பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கிறது; ஓக் மரத்தைப்போல இரும்பாணியை அரிப்பதுமில்லை. எனினும் மரத்தின் பெருமை மட்டும் காரணமாகாது. தேக்கால் கட்டிய கப்பல்கள் எத்தனையோ பம்பாயிலிருந்து சென்றன. பேணுவாரின்றி அழிந்தவையே மிகுதி. ஒவ்வொரு தலைமுறையிலும் தட்டிப் பார்த்து, ஓட்டை கண்டு, அடைத்தவர் இருந்ததாலேயே இது நின்றது.

நம் கரையின் நிலை

இக்கலைக்கு நம்மவர் புதியவரல்லர். சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பலிலிருந்து இறங்குவோரை அலை கடந்து கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை அடிக்கும்போது உடையாமல் வளைந்து கொடுத்தன. இத்தைப்பு முறையில் அண்மைக் காலத்தில் கட்டப்பட்ட 'கௌண்டின்யா' என்னும் பாய்மரக் கப்பல் 2025-இல் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்டது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்தி, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டு சேர்த்தனர். தூத்துக்குடித் தோணிகள் பல தலைமுறைகளாகக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிச் சென்றன. பாயின் இடத்தை எந்திரம் பிடித்த பின்னரும், மரத்தோணிக்குக் கலப்பற்று வேண்டியே இருக்கிறது.

ஆனால் எஃகும் கண்ணாடியிழையும் மரத்தின் இடத்தைப் பிடித்துவருகின்றன. மரத்தோணி குறையக் குறைய, உளியின் ஒலி கேட்டு இறுக்கம் அறியும் செவிகளும் குறைகின்றன. அவர் அறிந்தது நூலில் இல்லை, கையில் இருக்கிறது. கை ஓய்ந்தால் அறிவும் ஓயும். கடாரம் சென்ற கலங்களைக் காத்த தச்சரின் அறிவை எழுதி வைப்பார் இல்லாமற்போனதால், இன்று நாம் ஊகிக்க மட்டுமே முடிகிறது. அந்த இழப்பு நம் காலத்திலும் மற்றொருமுறை நிகழலாமா?

மாணவ நண்பர்களே! இது கடலோரத்தார்க்கு மட்டும் உரிய பணி அன்று. தமிழ் பயில்வோர் தோணித் தச்சரின் சொற்களைத் திரட்டலாம். வரலாறு பயில்வோர் அவர்தம் வாய்மொழியைப் பதியலாம். இயற்பியலும் வேதியியலும் பயில்வோர் அவர் செய்வதன் காரணத்தை ஆராயலாம். கோடை விடுமுறையில் ஒரு வாரம் தூத்துக்குடிக்குச் சென்று, மரத்தோணி செப்பனிடுவோர் அருகில் அமர்ந்து, கேட்டதையும் கண்டதையும் குறித்து வந்தாலும் போதும். நீரை இறைத்துக்கொண்டே இருப்பவன் கலத்தைக் காப்பதில்லை. நீர் நுழையும் வழியைத் தேடிக் காண்பவனே காக்கிறான். மறைந்துவரும் அறிவுக்கும் இது பொருந்தும். அரசன் பெயரைச் செம்பில் எழுதி வைத்தனர் முன்னோர். தச்சர் அறிவைத் தாளிலாவது எழுதி வைப்பது நம் கடன்.